காற்றைக் கேட்டுக் கரை மாறும் தீவு: மொரீஷியஸ் நாட்குறிப்பு

ஜனவரி 20, திங்கள் – ஃபிளிக் ஆன் ஃபிளாக்

சென்னையின் தை மாதப் பனியிலிருந்து கிளம்பி வந்து இறங்கினால், இங்கே கோடை உச்சத்தில் இருக்கிறது. மொரீஷியஸ் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 20 டிகிரியில் உள்ள தீவு. நவம்பர் முதல் ஏப்ரல் வரை கோடை. ஜூன் முதல் செப்டம்பர் வரை குளிர்காலம். மே மாதமும் அக்டோபரும் இரண்டிலும் சேராதவை. கணவருக்கு எபென் என்ற ஊரில் ஓராண்டுப் பணி. மேற்குக் கரையில், கடலுக்கு நடந்தே போகும் தூரத்தில் வீடு கிடைத்திருக்கிறது. ஒரு தீவின் கடற்கரையை எல்லாப் பருவங்களிலும் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. அது இப்போது கைகூடியிருக்கிறது. கரைக்குப் போகும் நாளின் குறிப்பை அன்றன்றே இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்த நாட்களில் நண்பகல் சூரியன் இங்கே நேர் உச்சியில் நிற்கிறது. பன்னிரண்டு மணி இருபது நிமிட அளவில் மணலில் ஒரு குச்சியை நட்டுப் பார்த்தேன். நிழல் சுருங்கிச் சுருங்கிக் குச்சியின் அடிக்குள்ளேயே போய்விட்டது. அந்த நேரத்தில் வெட்டவெளி மணலில் படுத்திருந்தவர்கள் எல்லோரும் வெளிநாட்டுப் பயணிகள். உள்ளூர்க்காரர்கள் ஒருவர் விடாமல் சவுக்கு நிழலில் இருந்தார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாம் பார்க்கும் அதே சவுக்குதான். இங்கே ‘ஃபிலாவோ’ என்கிறார்கள்.

மெரினாவில் வளர்ந்தவளுக்கு இந்தக் கடல் புதிது. கரையில் அலையே இல்லை. தீவின் பெரும்பகுதியைப் பவளப் பாறைத் திட்டு சூழ்ந்திருப்பதால், பெருங்கடலின் அலை அங்கேயே உடைந்து வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. இரைச்சல் மட்டும் இங்கே வரை வருகிறது. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பது லகூன்: இடுப்பளவு, மார்பளவுத் தண்ணீர், அடியில் மணல் தெரிகிறது. ஜனவரியில் அதன் வெப்பம் 27, 28 டிகிரி. இறங்கினால் உடம்பு சிலிர்ப்பதே இல்லை.

ஜனவரி 21, செவ்வாய்

பக்கத்து வீட்டில் ஒரு மூதாட்டி. வயது எழுபதைத் தாண்டியிருக்கும். இங்கே வயதில் மூத்த பெண்களைத் ‘தாந்தீன்’ என்று அழைப்பது வழக்கம்; நானும் அப்படியே அழைக்கிறேன். குடும்பப் பெயர் தமிழ்ப் பெயர். வீட்டில் பேசுவது கிரியோல். என்னோடு ஆங்கிலத்தில் பேசி, பாதி வழியில் கிரியோலுக்குத் தாவிவிடுகிறார்.

கடலில் இறங்கப் போகிறேன் என்றதும் என் காலைத்தான் முதலில் பார்த்தார். உள்ளே போய் ஒரு ஜோடி ரப்பர் செருப்பை எடுத்து வந்து கொடுத்தார். குதிகாலை இறுக்கிப் பிடிக்கும் வகை. “வெறுங்காலோடு இறங்காதே மகளே. பாறை போலவே கிடக்கும் மீன் ஒன்று இருக்கிறது. மிதித்தால் ஆஸ்பத்திரிதான்” என்றார். கல்மீனைச் சொல்கிறார். அதன் முதுகு முட்களில் கொடிய நஞ்சு. கடல் முள்ளெலிகளும் இங்கே நிறைய. மணல் மட்டும் உள்ள இடத்தில் பயமில்லை. பவளத்துண்டுகள் தொடங்கும் இடத்தில் செருப்பு வேண்டும். இங்கே வருகிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது இதைத்தான் என்பேன். வெயில் கண்ணாடி எல்லாம் அப்புறம்.

மாலையில் வாசலில் உட்கார்ந்து புயல்களைப் பற்றிப் பேசினார். 1960 பிப்ரவரியில் ‘கேரல்’ புயல் வந்தபோது அவர் பள்ளிச் சிறுமி. தகரமும் மரமுமாக இருந்த வீடு போய்விட்டது. குடும்பமே ஒரு கல் கட்டடத்தில் ஒதுங்கியது. புயலின் கண் கடந்தபோது காற்று நின்று வானம் வெளுத்ததையும், பெரியவர்கள் யாரையும் வெளியே விடாமல் கதவை அடைத்துப் பிடித்ததையும் கையை ஆட்டிச் சொன்னார். இந்தத் தீவின் வீடுகள் கான்கிரீட் பெட்டிகளாக மாறியது அந்தப் புயலுக்குப் பிறகுதான். 2024 ஜனவரியில் ‘பெலால்’ வந்தபோது தலைநகர் போர்ட் லூயிஸின் தெருக்களில் வெள்ளம் கார்களை இழுத்துச் சென்றது. தாந்தீனின் அலமாரியில் மெழுகுவர்த்தி, மத்தி மீன் டப்பா, பிஸ்கட், தண்ணீர் ஜாடிகள் எப்போதும் தயாராக இருக்கின்றன. “மூன்றாம் வகுப்பு எச்சரிக்கை வந்தால் வீட்டை விட்டு அசையக் கூடாது. அலையைப் பார்க்கக் கடற்கரைக்கு ஓடுகிற பிள்ளைகளை எனக்குப் பிடிக்காது” என்றார். விடுமுறைப் படங்களில் ஜனவரிக் கடல் எப்போதும் நீலமாகவே இருக்கிறது. அதன் மறுபக்கத்தையும் தெரிந்துகொண்டே அதன் கரையில் இளைப்பாற வேண்டும்.

பிப்ரவரி 11, செவ்வாய் – தைப்பூசக் காவடி

நாடு முழுவதும் அரசு விடுமுறை. காத்ர் போர்ன் நகரத்தை ஒட்டிய கோர் த கார்த் மலைச்சரிவில் முருகன் கோயில். மஞ்சளும் இளஞ்சிவப்புமாக உடுத்திய கூட்டம் படிகளில் ஏறுகிறது. அலகு குத்தியவர்கள், பால்குடம் சுமந்த பெண்கள், எலுமிச்சைகளை முதுகில் கொக்கியிட்டுத் தொங்கவிட்ட இளைஞர்கள். தமிழில் ஒரு வாக்கியம் பேசத் தெரியாதவர்கள் ‘அரோகரா’ சொல்லும்போது எனக்குக் கண் கலங்கியது. பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே, 18ஆம் நூற்றாண்டில், புதுச்சேரிப் பக்கமிருந்து கைவினைஞர்களாக வந்தவர்களின் வழித்தோன்றல்களும் இவர்களில் உண்டு; பின்னால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் உண்டு. இந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. 1998இல் புதிய நோட்டுகளில் இந்திக்குப் பின்னால் தமிழைத் தள்ளியபோது கிளம்பிய எதிர்ப்பில் அந்த நோட்டுகளே திரும்பப் பெறப்பட்டன.

விரதம் முடிந்து வாழை இலையில் ‘செத் காரி’: சோறும் ஏழு வகைக் கறியும் ரசமும். வாழைக்காய், பூசணி, பலாக்காய் எல்லாம் எனக்குத் தெரிந்தவை. தாளிப்பு மட்டும் வேறு ஊருடையது.

பிப்ரவரி 12, புதன்

நேற்றைய களைப்பில் பகலெல்லாம் தூங்கிவிட்டு இரவு ஒன்பது மணிக்குக் கரைக்குப் போனோம். கோடை இரவில் இங்கே கரை வெறிச்சோடுவதில்லை. வீட்டுக்குள் புழுக்கம், அதனால் பாயை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

தெற்கு வானில் அகத்தியர் நட்சத்திரம். சென்னையில் அதைத் தென் அடிவானத்துக்குச் சற்று மேலே, கட்டடங்களுக்கு இடையில் தேடிப் பிடிக்க வேண்டும். இங்கே அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுக்கோட்டையும் தாண்டி, தலைக்கு மேலே என்றே சொல்லும்படி நிற்கிறது. நிலா கிழக்கே மேலே ஏறிய பிறகும் அது மங்கவில்லை. தெற்கே போனவர் அகத்தியர் என்று நம் ஊர்க் கதை. இவ்வளவு தெற்கே வந்தால்தான் அவரை நிமிர்ந்து பார்க்க முடிகிறது.

மே 18, ஞாயிறு

நடுவில் இரண்டு மாதங்கள் மழையும் புழுக்கமுமாகக் கழிந்தன. பிப்ரவரியும் மார்ச்சும்தான் இங்கே மழை மிகுந்த மாதங்கள். பெருமழை பெய்த மறுநாள் ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய லகூன் செம்மண் நிறத்துக்குப் போய்விடும். அந்த நாட்களில் யாரும் இறங்குவதில்லை. எழுதவும் பெரிதாக எதுவும் இல்லை.

மே வந்ததும் தீவு தெளிந்துவிட்டது. சாலையோரக் கரும்பெல்லாம் பூத்திருக்கிறது. வெள்ளிச் சாமரங்கள் மாலை வெயிலில் ஒரே பக்கமாகச் சாய்கின்றன. காற்றில் ஈரம் குறைந்திருக்கிறது. கடலில் மட்டும் கோடையின் சூடு இன்னும் மிச்சமிருக்கிறது. எந்த மாதம் வரலாம் என்று கேட்பவர்களுக்கு நான் மே என்றுதான் சொல்வேன்.

இன்று தாந்தீன் குடும்பத்தோடு முழுநாளும் கரையில். ஞாயிற்றுக்கிழமைக் கடற்கரை என்பது இங்கே ஓர் அமைப்பு. குடும்பங்கள் வாடகை பஸ்ஸில் பாத்திரங்களோடு வந்து இறங்குகின்றன. சவுக்கு மரங்களுக்கு இடையே கயிறு கட்டிப் படுதா விரிக்கிறார்கள். பிரியாணி அண்டா ஒரு பக்கம், ஐஸ் பெட்டி ஒரு பக்கம். ஆண்கள் டோமினோ ஆடுகிறார்கள். பாட்டிகள் மடக்கு நாற்காலியைத் தண்ணீரிலேயே போட்டு, முழங்கால் வரை நனைய உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறார்கள். யாருக்கும் எங்கும் போகும் அவசரம் இல்லை. கடலுக்கு வந்தால் கடலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு மணிக்கணக்கில் சீட்டாடலாம். கடல் அங்கேயே இருக்கும் என்ற உறுதி அவர்களுக்கு இருக்கிறது.

அன்னாசி விற்பவரிடம் வெகுநேரம் நின்றேன். சிறிய அன்னாசி, கொண்டையைப் பிடித்துக்கொள்கிறார். தோலை மேலிருந்து கீழாகச் சீவியதும் கண்கள் சாய்ந்த வரிசையில் தெரிகின்றன. அந்த வரிசையின் இருபுறமும் கத்தியைச் சாய்த்து ஓட்டினால் கண்கள் ஒரே கீற்றாகக் கழன்று வருகின்றன. பழத்தில் சுற்றிச் சுற்றிக் கீழிறங்கும் வாய்க்கால்கள் உண்டாகின்றன. நான்காகப் பிளந்து புளிக்கரைசலில் முக்கி, உப்பும் மிளகாயும் தூவி நீட்டுகிறார். அந்த வாய்க்கால்களில்தான் புளி தேங்கி நிற்கிறது. உப்புக்காற்றில் உலர்ந்த உதட்டுக்கு அது எரிந்தது, இன்னொன்று வாங்கினேன்.

மாலை ஐந்தே முக்காலுக்கெல்லாம் சூரியன் கடலில் விழுந்துவிட்டது. சருகைக் கூட்டித் தீ மூட்டினார்கள். குளிர்காய்வதற்கு என்று நினைத்தேன். ‘ராவான்’ என்ற பெரிய ஒற்றைமுகப் பறையைத் தீக்கு முன்னால் பிடித்து மெதுவாகச் சுழற்றத் தொடங்கினார் தாந்தீனின் மருமகன். மர வளையத்தில் ஆட்டுத்தோல் இழுத்துக் கட்டியது. கடல் ஈரத்தில் தோல் தளர்ந்துவிடுமாம். அவ்வப்போது விரலால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டு, மறுபடியும் தீயில் காட்டினார். மொத்தென்று விழுந்துகொண்டிருந்த ஓசை கொஞ்சம் கொஞ்சமாகத் திரண்டு ஆழமாயிற்று. பறையைக் காய்ச்சும் நம் ஊர்க் கலைஞர்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கையசைவு நன்றாகத் தெரியும். பிறகு செகா ஆட்டம். ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் உண்டாக்கிய இசை இது. மொரீஷியஸின் பாரம்பரிய செகாவை யுனெஸ்கோ 2014இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பாதம் மணலை விட்டு எழுவதே இல்லை. இடுப்பும் தோளும்தான் ஆடுகின்றன. தாந்தீனும் எழுந்து ஆடினார்.

ஜூலை 20, ஞாயிறு – பெல் மார், பிறகு க்ரி க்ரி

குளிர்காலம். இரவில் கம்பளி வேண்டியிருக்கிறது. கிழக்குக் கரையில் உள்ள பெல் மார்தான் தீவிலேயே அழகிய மணல் என்று பலரும் சொன்னதால் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். “ஜூலையில் கிழக்கா?” என்று தாந்தீன் புருவத்தை உயர்த்தினார். போய் இறங்கியதும் காரணம் புரிந்தது. தென்கிழக்குக் காற்று நிற்காமல் வீசுகிறது. மணல் கணுக்காலில் ஊசியாகக் குத்துகிறது. லகூன் முழுவதும் சிற்றலை. காற்றுப் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைப்பலகையில் பறப்பவர்களுக்கு இது திருவிழா. படுத்துப் புத்தகம் படிக்க நினைப்பவர்களுக்கு அல்ல.

இந்தத் தீவின் பருவங்களைப் புரிந்துகொள்ளத் திறவுகோல் இந்தக் காற்றுதான். குளிர்காலத்தில் தெற்கே இந்தியப் பெருங்கடலின் மேல் நிலைகொள்ளும் உயரழுத்தத்திலிருந்து தென்கிழக்குக் காற்று வலுவாக வருகிறது. நடுத்தீவின் மேட்டுநிலமும் மலைகளும் அதைத் தடுக்கின்றன. அதனால் கிழக்குக் கரை குளிர்ந்து அலைபாயும்போது, மேற்கும் வடமேற்கும் வெயிலோடு அசையாமல் கிடக்கின்றன. கோடையில் தலைகீழ்: காற்று தணிந்து மேற்குக் கரை காய்கிறது, கிழக்கில் மட்டும் கொஞ்சம் காற்று தவழ்கிறது. உள்ளூர்க் குடும்பங்கள் இதைப் பார்த்துத்தான் இடம் மாறுகின்றன. ஓட்டல் விளம்பரங்களில் எந்தக் கரைக்கும் மாதமே கிடையாது. இந்த ஒரு செய்தியைத் தெரிந்துகொள்ளாமல், ஊரிலிருந்து சேமித்து வைத்த பணத்தை ஆகஸ்டில் கிழக்குக் கரை அறைக்குக் கொடுத்துவிட்டு, காற்றுக்குப் பயந்து கதவை மூடி உட்கார்ந்திருக்கும் தேனிலவுத் தம்பதிகளை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வந்ததற்குத் தெற்கே க்ரி க்ரி வரை போனோம். சூயாக் ஊரை ஒட்டிய பாறைக்கரை. அங்கே பவளத் திட்டு இல்லை. பெருங்கடல் நேராக வந்து கரும்பாறையில் மோதுகிறது. நீந்தக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். நனைந்த முகத்தோடு வெகுநேரம் நின்றோம். மற்ற ஊர்களில் அந்தத் திட்டு எவ்வளவு பெரிய காவல் என்பதை இங்கே நின்றால்தான் உணர முடியும்.

ஆகஸ்ட் 6, புதன் – மாயேபூர்

இன்றைய பயணம் இளைப்பாறுவதற்கு அல்ல. 2020 ஜூலை 25 அன்று ‘வாகாஷியோ’ என்ற பெரிய சரக்குக் கப்பல், தென்கிழக்கே ப்வான்த் தெஸ்னி அருகே பவளத் திட்டில் ஏறி நின்றுவிட்டது. ஆகஸ்ட் 6 அன்று அதிலிருந்து எண்ணெய் கசியத் தொடங்கியது. ஏறத்தாழ ஆயிரம் டன் எண்ணெய் லகூனில் கலந்தது. மொரீஷியஸின் மிகத் தெளிந்த பவளத் தோட்டங்களுள் ஒன்றான புளூ பே கடற்பூங்கா அந்த இடத்துக்கு மிக அருகில். சில நாட்களில் கப்பல் இரண்டாக உடைந்தது.

மாயேபூர் நீர்முகப்பில் தேநீர்க் கடை வைத்திருப்பவர் அந்த நாட்களைச் சொன்னார். யாரும் கூப்பிடாமலே மக்கள் வந்து குவிந்தார்கள். கரும்புத் தோகையைத் துணிக்குள் திணித்து நீளமாகத் தைத்து, எண்ணெயை மறிக்கும் மிதவைகளைக் கையாலேயே செய்தார்கள். முடி எண்ணெயை உறிஞ்சும் என்று தெரிந்ததும் முடியை வெட்டிக் கொடுத்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் இரவிலும் தைத்தார்கள். “என் கடையின் படுதாவையும் கொடுத்தேன்” என்றார். இன்று தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது. அலையாத்திச் செடிகளின் வேர்களுக்கு இடையே சிறு நண்டுகள் ஓடுகின்றன. தங்கள் கடலுக்காக ஓர் ஊர் இப்படி எழுந்து நின்ற இடத்தில் நான் வெறும் பார்வையாளராக நிற்கக் கூச்சப்பட்டேன். அவருடைய கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு – ஃபிளிக் ஆன் ஃபிளாக்

எங்கள் மேற்குக் கரைக்கு இப்போதுதான் பொற்காலம். காற்று மலைக்கு அப்பால் நின்றுவிட்டது. தண்ணீர் 23 டிகிரிக்கு இறங்கியிருப்பதால் நுழையும்போது மூச்சு முட்டுகிறது. பத்து நிமிடத்தில் பழகிவிடுகிறது. நிழலைத் தேடி ஓடிய அதே கூட்டம் இப்போது வெயிலைத் தேடி மணலுக்கு வந்திருக்கிறது. சூரியன் வடக்கே சாய்ந்து ஓடுவதால், நண்பகலிலும் நிழல் தெற்குப் பக்கம் நீண்டு விழுகிறது. சென்னைவாசிக்கு இதுவும் ஒரு புதுமை.

தென்துருவக் கடலிலிருந்து கூனல் முதுகுத் திமிங்கிலங்கள் ஜூலை முதல் அக்டோபர் வரை இந்தப் பக்கம் வருகின்றன. குளிர் குறைந்த நீரில் குட்டி ஈனுவதற்காக. திட்டுக்கு வெளியே நீர்ப்புகை எழுந்ததைக் கரையிலிருந்தே பார்த்தோம். ஒரு சிறுவன் கத்திய கத்தலில் கடற்கரையே எழுந்து நின்றது. பக்கத்திலேயே தமரின் விரிகுடாவில் காலையில் டால்பின்கள் வருகின்றன. படகுக்காரர் அழைத்தார்; நான் போகவில்லை. இரவெல்லாம் வேட்டையாடிவிட்டு ஓய்வெடுக்க அவை அந்த விரிகுடாவுக்குள் வருகின்றன. நாம் இளைப்பாறுவதற்காக அவற்றின் இளைப்பாறலைக் கலைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு ஆக்டோபஸ் விந்தாய் கிடைக்குமா என்று கணவர் கேட்டார். கடுகும் மஞ்சளும் போட்டுச் செய்யும் இந்த ஊர்ப் பண்டம். “அக்டோபர் நடுவில் கேள்” என்றார் தாந்தீன். ஆகஸ்ட் நடுவிலிருந்து இரண்டு மாதம் ஆக்டோபஸ் பிடிக்கத் தடை. முட்டையிட்டுப் பெருக விடுகிறார்கள். பக்கத்துத் தீவான ரோட்ரிக்ஸ் தொடங்கி வைத்த நல்ல வழக்கம் இது. தால் பூரி சாப்பிட்டோம். பருப்பு வைத்த மெல்லிய பூரி இரண்டு, நடுவில் மொச்சைக் குழம்பும் தக்காளித் தொக்கும் மிளகாயும்.

அக்டோபர் 5, ஞாயிறு

ஆண்டிலேயே வறண்ட மாதம் இதுதான். காலையில் கரையோரமாகத் தெற்கு நோக்கி நடந்தோம்.

பல இடங்களில் சவுக்கு மரங்களின் வேர்கள் வெளியே தொங்குகின்றன. கடல் மணலை அரித்துக்கொண்டே வருகிறது. சில மரங்கள் விழுந்து கிடக்கின்றன. அவற்றின் வேர் ஆழமாகப் போவதில்லை. மணலை இறுகப் பிடிக்கவும் தெரியாது. அதனால் சில இடங்களில் கரைக்கே உரிய செடிகொடிகளை மீண்டும் நட முயல்கிறார்கள். ஓரிடத்தில் ஊதாப் பூவோடு மணலில் படர்ந்திருந்த கொடியைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். நம் அடும்பு! குளம்பு பிளந்ததுபோன்ற இலை. நெய்தல் நிலத்தைப் பாடிய புலவர்கள் நிறையப் பேர் இதைப் பாடியிருக்கிறார்கள். இங்கே ‘படாத்ரான்’ என்கிறார்கள். கணுவுக்குக் கணு வேர் விட்டு மணலைத் தைத்து வைக்கும் கொடி.

கரையின் இன்னொரு அரிப்பும் எனக்குக் கவலை தருகிறது. பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே உயர்நீர்க் கோட்டிலிருந்து 81.21 மீட்டர் அகலத்துக்குக் கரையோர நிலம் அரசுடையது. தீவின் காவலுக்காக ஒதுக்கியது. இன்று அதில் பெரும்பகுதி ஓட்டல்களுக்கும் தனியார் விடுதிகளுக்கும் குத்தகையில் இருக்கிறது. மணல் எல்லோருக்கும் பொது. அங்கே நடக்க யாரும் தடுக்க முடியாது. ஆனால் அண்டாவோடும் பாட்டியோடும் வரும் குடும்பத்துக்கு நடக்க உரிமை இருந்தால் போதாது. பஸ் நிறுத்த இடம் வேண்டும், நிழல் வேண்டும், கழிப்பறை வேண்டும். அவை இருப்பது ‘பொதுக் கடற்கரை’ என்று பலகை வைத்த பகுதிகளில்தான். தாந்தீன் சின்ன வயதில் போய்க் குளித்த இடங்களைக் காரில் போகும்போது கைகாட்டுவார்: இங்கே ஒரு மதில், அங்கே ஒரு வாயிற்காவலர். பயணிகள் இல்லாமல் இந்த நாட்டுக்குப் பிழைப்பு கடினம் என்பதை அறிவேன். இருந்தாலும் பொதுக் கடற்கரையில் ஓரடியைக்கூட இனி இழக்கக் கூடாது என்று மனதார நினைக்கிறேன். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சீட்டாடும் அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் இந்தத் தீவின் உண்மையான செல்வம்.

நவம்பர் 5, புதன் – கங்கா ஸ்நானம்

வட இந்தியக் கணக்கில் கார்த்திகைப் பௌர்ணமி. ஒப்பந்தக் கூலிகளின் முதல் கப்பல் வந்து சேர்ந்த 1834 நவம்பர் 2ஐ நினைவுகூரும் விடுமுறை போன ஞாயிறு. அதையடுத்து இன்று கடலே கங்கை. விடிவதற்குள் புடவை கட்டிய பெண்கள் கரையை நிறைத்துவிட்டார்கள். வெற்றிலையில் கற்பூரம் ஏற்றி, பூவும் பழமும் வைத்துத் தண்ணீரில் விடுகிறார்கள். உயிர்காப்பு வீரர்கள் இடுப்பளவு நீரில் வரிசையாக நின்று ஆழத்துக்குப் போகாதபடி பார்த்துக்கொள்கிறார்கள். போஜ்புரியும் கிரியோலும் காதில் விழுகின்றன. அப்புறம் வழக்கம்போல் சாப்பாட்டுக் கூடைகள் திறந்தன. கும்பிட்ட கடலிலேயே குழந்தைகள் குதித்து விளையாடினார்கள்.

தண்ணீரில் குளிர் போய்விட்டது. மயில்கொன்றை சிவக்கத் தொடங்கியிருக்கிறது; நம் ஊரில் சித்திரையில் பூப்பது இங்கே ஐப்பசியில்.

டிசம்பர் 30, செவ்வாய்

லிச்சி பழத்தின் கடைசி நாட்கள். மரங்களுக்கு வலை போர்த்தியிருக்கிறார்கள். பழந்தின்னி வௌவால்களுக்கும் தோட்டக்காரர்களுக்கும் நடக்கும் வழக்கு இந்தத் தீவில் முடிவதாக இல்லை. கொத்தாகக் கட்டிச் சாலையோரம் தொங்கவிட்டு விற்கிறார்கள். பையோடு கடலில் இறங்கி, தண்ணீரில் நின்றபடியே உரித்துத் தின்றோம்.

ஜனவரி 1, 2 இரண்டு நாளும் இங்கே விடுமுறை; தீவே கடற்கரைக்குப் பெயர்ந்துவிடுமாம். மேற்கில் காற்று அடங்கி மூன்று நாளாயிற்று. இன்று மாலை தாந்தீன் வாசலில் நின்று, தென்னங்கீற்றை நிமிர்ந்து பார்த்தார். “பெல் மார்” என்றார். அவ்வளவுதான், குடும்பம் முழுவதும் அதை ஏற்றுக்கொண்டது. ஒன்றாம் தேதி விடியற்காலை நான்கு மணிக்கு வாடகை பஸ். பிரியாணி மருமகன் பொறுப்பு, அன்னாசி பேரன்கள் பொறுப்பு. எனக்கு இட்ட வேலை புளியோதரை. வெயிலில் சாயங்காலம் வரை கெடாமல் இருக்கும் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்கிறார். நல்லெண்ணெய் இங்கே எளிதில் கிடைப்பதில்லை. நாளை காலை முதல் பஸ்ஸில் போர்ட் லூயிஸ் சந்தைக்குப் போகிறேன்.